ரெண்டு முழப் பூச்சி

அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டில். அவர் மார்பின்மேல் பத்திரிகை. பத்திரிகையின்மேல் மூக்குக் கண்ணாடி. மூச்சுக்குத் தகுந்தபடி பத்திரிகையும் கண்ணாடியும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

அந்த ஏற்ற இறக்கத்தைச் சட்டை செய்யாமல், முதல் பக்கத் தலைப்பின் குறுக்கே ஒரு பூச்சி நடந்து போயிற்று. பச்சைப்பயறு அளவு. உருண்டை முதுகு. எங்கள் அவரைப் பந்தலில் கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டு, தொட்டால் நாற்றமடிக்கிற அதே ஆசாமி.

கண்ணாடியை மெல்ல எடுத்து அதன்மேல் பிடித்தேன். தூக்கத் தூக்க அது வளர்ந்தது. பயறு கடலையாயிற்று, கடலை புளியங்கொட்டையாயிற்று. வெறும் பச்சை என்று நினைத்திருந்த முதுகில் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள். மீசை வேறு. அந்த மீசையால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

இதைப் படம் பிடித்தால் என்ன?

அப்பா ஒரு கண்ணைத் திறந்து, "என்றா பண்ற?" என்றார். பூச்சி பார்க்கிறேன் என்றேன். அதை அடித்துப் போட்டுவிட்டுக் கண்ணாடியை இருந்த இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தேன். கண்ணாடியை வைத்தேன்.

நூல் கடையும் எரு ஆபீசரும்

போன வாரம், சேலத்து ஹாஸ்டல் மூட்டைப்பூச்சிகளிடம் விடைபெற்று, பெட்டியும் படுக்கையுமாக பஸ் ஏறியதைச் சொன்னேன் அல்லவா? இது அதற்கு அடுத்த சில மாதங்களின் கதை. யுத்தம் வருவதற்குச் சற்று முந்திய காலம். இன்டர்மீடியட் தேறிவிட்டு, ஜேடர்பாளையத்துப் பக்கம் வாய்க்கால் கரையில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அம்மா என் சிறு வயதிலேயே தவறிவிட்டாள். மாடு, கோழி, சமையல், நான் ஆகிய நான்கும் பாவாயி அத்தையின் பொறுப்பு. அப்பாவின் தங்கை. எங்கள் சுற்று வட்டாரத்தில் அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை. தோற்றவர்களில் முதல் ஆள் அப்பா.

என்னைச் சும்மா விட்டுவைப்பதாக இல்லை. அம்மாபேட்டையில் மாமாவுக்கு நூல் கடை. தீபாவளி கழிந்ததும் நான் அங்கே போய்க் கணக்கு எழுத வேண்டும் என்று பேச்சு முடிந்திருந்தது. நாள் முழுக்க நான்கு பக்கமும் தறி அடிக்கும். நடுவில் உட்கார்ந்து நூல் கட்டு எண்ண வேண்டும். ஒரு லீவுக்குப் போய் இருந்துவிட்டு வந்தேன். ஊர் திரும்பி ஒரு வாரம் வரைக்கும் காதுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கோ கோயமுத்தூர் போய் விவசாயம் படிக்க ஆசை. அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் சர்க்கார் விவசாய டிமான்ஸ்டிரேட்டர். தலையில் தொப்பியும் மூக்கில் கண்ணாடியும் சைக்கிளில் உர மூட்டையுமாகத் தோட்டம் தோட்டமாக வருவார். அந்த இங்கிலீஷ் வார்த்தை யார் வாயிலும் நுழையாததால் அவருக்கு எரு ஆபீசர் என்று பெயர். ஒரு நாள் எங்கள் வீட்டில் மோர் குடித்துக்கொண்டே, பூச்சிகளைப் பார்த்து ஆராய்வதற்கென்றே சர்க்கார் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கிறது என்று சொன்னார். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "பூச்சி பாக்கறதுக்குச் சம்பளமா?" என்று கேட்டார். பிறகு ஒரு தீர்ப்புச் சொன்னார். தீபாவளிக்கு முன்னால் எரு ஆபீசர் மறுபடி வருவார். என் கையில் என்ன சரக்கு இருக்கிறதோ அதை அவரிடம் காட்ட வேண்டியது. இவனுக்கு இது வரும் என்று அவர் வாயால் சொன்னால் கோயமுத்தூர். சொல்லாவிட்டால் நூல் கடை.

முழக் கயிறு

என் கையில் இருந்த சரக்கு ஒரு பெட்டிக் காமிரா. ஹாஸ்டல் நண்பன் ஒருவன் மடக்குக் காமிரா வாங்கிக்கொண்டு, பழையதை என் தலையில் கட்டியிருந்தான். உள்ளே ஒரு சுருள் பிலிம். எட்டுப் படம் விழும். அதற்கு ஒரு குணம் உண்டு. பத்தடி தள்ளி நிற்கிற ஆளைத்தான் அதற்கு அடையாளம் தெரியும். கிட்டப் போனால் எல்லாம் புகை.

அங்கேதான் அப்பாவின் கண்ணாடி வந்தது. காமிராவின் கண்ணுக்குமேல் அதன் ஒரு சில்லை வைத்து வாழை நாரால் கட்டிவிட்டால், கிட்ட இருப்பதும் தெரிய வேண்டும். எவ்வளவு கிட்ட? கண்ணாடியைப் பிடித்து வெயிலைத் தரையில் கிடந்த பத்திரிகைமேல் விழவிட்டேன். வட்டம் சுருங்கிச் சுருங்கி, ஒரு முழ உயரத்தில் மிளகளவு வெளிச்சமாய்க் குத்திட்டு நின்றது. அதுதான் தூரம். பௌதிக வாத்தியார் வகுப்பில் சொன்ன எதையோ வைத்து நானே கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் கையை எடுக்க மறந்துவிட்டேன். சாயங்காலம் அப்பா பத்திரிகையை விரித்தார். ஒரு தலைவர், "நான் உறுதியாகக் கூறுவது என்னவென்றால்" என்று ஆரம்பித்திருந்தார். அதற்கப்புறம் ஓட்டை. அப்பா ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "அவுரு சொல்லியிருந்தாலும் இவ்வளவுதான் இருக்கும்" என்று பக்கத்தைத் திருப்பினார்.

ஒரு முழம் நூல் கயிறு வெட்டிக் காமிராவில் தொங்கவிட்டேன். கயிற்றின் நுனி பூச்சியைத் தொட்டால் தூரம் சரி. கயிற்றை ஒதுக்கிவிட்டுச் சொடுக்க வேண்டியது. கயிறு தொட்டால் பூச்சி அங்கே இருக்காது என்பது மட்டும் என் திட்டத்தில் விட்டுப் போயிருந்தது.

இன்னொரு சங்கடம், அப்பா தூங்குகிற நேரத்தில்தான் கண்ணாடி கிடைக்கும். அது பட்டப் பகல். அந்த வெயிலில் பூச்சிகளும் அப்பாவைப் போலவே நிழலில் போய்ப் படுத்துவிடும்.

எல்லாம் பூச்சிதான்

வீட்டின் பின்பக்கத்தை நாங்கள் பொடக்காளி என்போம். எங்கள் பொடக்காளியில் ஓர் அவரைப் பந்தல், எலுமிச்சை மரம், கறிவேப்பிலை, கீரைப் பாத்தி, கோழி அடைக்கிற பஞ்சாரம், அதற்கப்பால் கிளுவை வேலி. இதற்குள் எத்தனை ஜாதிப் பூச்சி என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. பெயர் தெரியாததற்கெல்லாம் நானே பெயர் வைத்தேன். தொப்பையும் பளபளப்பும் உள்ள கறுப்பு வண்டுக்குத் தாசில்தார். எந்நேரமும் கையைக் கூப்பிக்கொண்டு, பக்கத்தில் வந்தவனை அப்படியே பிடித்துத் தின்கிற கும்பிடுபூச்சிக்கு ஊர் வக்கீல் ஒருவர் பெயரை வைத்திருந்தேன். அவர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஆதலால் இங்கே எழுதவில்லை.

அத்தைக்கும், களை வெட்ட வருகிற பெண்களுக்கும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். பூச்சி எதைக் கண்டாலும் அடிக்கக் கூடாது. கத்தக் கூடாது. சத்தமில்லாமல் வந்து என்னைக் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டார்கள். ஒரு பெண் தன் மகள் தலையிலிருந்து எடுத்த பேனை ஆமணக்கு இலையில் வைத்துக் கொண்டுவந்தாள். படம் பிடித்தால் மற்றதெல்லாம் போய்விடுமா என்று கேட்டாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, "பூச்சிக்குப் பாக்கறீங்களாமா?" என்று பவ்யமாக உட்கார்ந்தார். பையன் வயிற்றில் பூச்சியாம். நான் வைத்தியன் அல்ல என்று எவ்வளவு சொல்லியும் எழுந்திருக்கவில்லை. பட்டணத்தில் படித்தவன் கிராக்கி பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் அத்தை ஒரு டம்ளர் வேப்பங் கஷாயத்தோடு வெளியே வந்தாள். அதைப் பார்த்ததும் பையன் இறங்கி ஓடினான். அவ்வளவு வேகமாக ஓடுகிறவனுக்கு ஒன்றும் இல்லை என்று தகப்பனும் மகனும் போய்விட்டார்கள்.

தலையில் இருப்பதும் பூச்சி, வயிற்றில் இருப்பதும் பூச்சி, குழந்தையைப் பயமுறுத்துவதற்கும் பூச்சி. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு பொருள் உண்டு. ஹாஸ்டலில் இருந்த வருஷங்களில் அதை மட்டும் மறந்து போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை

ஏழு படம் எடுத்தாயிற்று. மிச்சம் ஒன்று. அதை எதற்குச் செலவழிப்பது என்று பந்தலைச் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு, ஒன்றும் அகப்படாமல் வாசலுக்கு வந்து நின்றேன். அப்பா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை பொடக்காளிப் பக்கமிருந்து, நான் சொல்லிவைத்தபடியே, சத்தமில்லாமல் வந்தாள்.

"சாமி, பந்தலுக்கடியில பூச்சி ஒண்ணு படுத்திருக்குது."

"எத்தனை பெரிசுங்கத்தை?"

"ரெண்டு முழம் இருக்கும்."

அத்தை சொல்லும் அளவுகளை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் கிணற்றில் யானை முழுகும் என்று சொல்லுகிறவள். ரெண்டு முழம் என்றால் ஒரு விரல் நீளம் என்று மனசுக்குள் திருத்திக்கொண்டேன்.

"கால் எத்தனை இருக்குது?"

"அதுக்கேது சாமி காலு?"

"அப்பப் புழுவுங்க."

அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "புழுவுன்னு வேணாலும் வெச்சுக்க. பக்கத்துல மட்டும் போயிராத."

"பக்கத்துல போனாத்தானுங்க படம் விழும். ஒரு முழத்துல இருக்கோணும்."

"ஒரு முழத்துலயா?" என்றாள் அத்தை. அப்புறம் அப்பாவை எழுப்ப ஓடினாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எரு ஆபீசர் முன்பு ஒரு புழுவைப் பற்றிச் சொல்லியிருந்தார். கட்டை விரல் தடிமன் இருக்கும். தொந்தரவு செய்தால் பாம்பு மாதிரியே தலையைத் தூக்கும். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் ஒன்றும் செய்யாது. அதுவேதான்! கண்ணாடி ஏற்கெனவே காமிராவில் கட்டியிருந்தது. பந்தலுக்குள் குனிந்து, முழங்கால் போட்டு, காமிராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

பெட்டிக் காமிராவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் படம் பார்ப்பதற்கு மேலே ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும். தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிது. குனிந்து அதற்குள் பார்க்க வேண்டும். அதில் எங்கள் வேப்ப மரமே கறிவேப்பிலைக் கொத்து மாதிரிதான் தெரியும்.

பார்த்தேன். பந்தல் கால் ஓரத்தில் கோதுமை நிறத்தில், சுருட்டி வைத்த தாம்புக் கயிறு மாதிரி, ஆனால் சோளப்பொரி அளவில் ஒன்று கிடந்தது. இன்னும் கிட்டப் போக வேண்டும். முழங்காலாலேயே நகர்ந்தேன். அது தலையைத் தூக்கியது. எரு ஆபீசர் சொன்னது எவ்வளவு சரி என்று வியந்தேன். இன்னும் நகர்ந்தேன். தலை அகலமாயிற்று. இதை அவர் சொல்லவில்லையே என்று நினைத்தேன். கயிற்று நுனி தொடுகிறதா என்று பார்ப்பதற்காகக் குட்டிக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து நேராகப் பார்த்தேன்.

அது சோளப்பொரி அளவில் இல்லை. அத்தை அந்த ஒரு தடவை அளவைக் குறைத்துச் சொல்லியிருந்தாள்.

பின்னால் எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முழங்கால் போட்டிருந்தவன் எழுந்து நிற்காமலேயே ஓடினேன் என்று அத்தை சொல்கிறாள். பஞ்சாரத்தின்மேல் மல்லாக்க விழுந்தேன். பஞ்சாரம் நொறுங்கியது, உள்ளே இருந்த கோழிகள் என் தலைமேல் ஏறிப் போயின. காமிராவிலிருந்து கண்ணாடி எகிறி வேலிப் பக்கம் பறந்தது. எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். அந்த நல்ல ஜீவன் படத்தைத் தாழ்த்தாமலே திரும்பி, நிதானமாக வேலிக்குள் போயிற்று.

"பாம்புன்னு சொல்லக் கூடாதுங்களா அத்தை?" என்றேன், கோழி இறகைத் துப்பிக்கொண்டே.

அத்தை ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா பேரச் சொல்லுது பாரு! சொன்னாக் கூப்புட்டாங்கன்னு திரும்பி வரும். அதான் பூச்சின்னு சொன்னேன். ரெண்டு முழம்னேன், காலில்லைன்னேன். இதுக்கு மேல என்னத்தச் சொல்றது?"

அப்பா எழுந்து வந்து நின்றார். என்னைப் பார்த்தார், கோழிகளைப் பார்த்தார், தன் மூக்கைத் தடவினார்.

"கண்ணாடி எங்க?" என்றார்.

பத்திரிகை வாசிப்பு

அந்த வேலிக்குள் யார் கை விடுவது? குச்சியால் துழாவியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணாடி போனது போனதுதான். அப்பா திட்டவில்லை. தினம் மாலை என்னை எதிரில் உட்காரவைத்துப் பத்திரிகை படிக்கச் சொன்னார். செய்தி மட்டுமல்ல, தைல விளம்பரம், அரிசி விலை, காணாமற்போன எருமை, எல்லாம். நடுவில் நிறுத்தினால், "ஏன், ஓட்டையா?" என்பார்.

சேலத்துக்குப் போய்ப் பிலிமைக் கழுவி வாங்கினேன். வரும் வழியில் ஆட்டையாம்பட்டியில் பஸ் நின்றபோது உறையைத் திறந்தேன். முறுக்கு விற்கிறவர் எட்டிப் பார்த்து, எந்த ஊரில் இவ்வளவு பனி என்று விசாரித்தார். ஆறு படம் அப்படி இருந்தது. மிச்சமிருந்த இரண்டில், முதல் முதலில் எடுத்த எலுமிச்சை இலை, சுமாராகத் தெளிந்திருந்தது. எட்டாவது படத்தைப் பார்த்துவிட்டு முறுக்குக்காரர் கூடையோடு இரண்டடி பின்னால் போனார்.

எரு ஆபீசர் சொன்னபடி வந்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். அத்தை மோர்ச் செம்போடு கதவோரம் நின்றாள்.  என் காதில் தறிச் சத்தம் மெல்ல ஆரம்பித்துவிட்டது.

புகைப் படங்களை அவர் மரியாதைக்காக ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவுக்குத் தப்பியிருக்கிறதே, தூரத்தை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார். முழக் கயிற்றைக் காட்டினேன். என் கையோடு வைத்துப் பார்த்தால் கயிறு நாலு விரல் குறைந்தது.

"அது என்ற முழமுங்க" என்றாள் அத்தை. நான் முதல் படம் எடுத்த பிறகு, என் கயிற்றை எடுத்து அவரைக் கொடி கட்டிவிட்டு, என்னை ஏமாற்ற மனமில்லாமல், தன் கையால் அளந்து வேறொரு முழம் தொங்கவிட்டிருக்கிறாள்!

எலுமிச்சை இலையைக் கொடுத்தேன். இலைமேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று இருந்தது. எலுமிச்சைப் புழு சின்னதாக இருக்கும்போது, தின்ன வருகிற பறவையை ஏமாற்றக் காக்கை எச்சம் மாதிரியே இருக்கும் என்று அவரே சொல்லியிருந்ததை நினைவுபடுத்தினேன். அவர் படத்தைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"தம்பி, இது காக்கை எச்சமேதான்" என்றார்.

கதவோரத்தில் மோர்ச் செம்பு குலுங்கியது.

எட்டாவது படம் வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடி எகிறிப் போய், தள்ளி விழுந்த காமிரா தானாகச் சொடுக்கியது அல்லவா, படமெடுத்த தலையின் பின்புறம், இரண்டு வட்டமும் நடுவில் வளைவுமாக, தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு அருகில் அசையாமல் நின்று எடுப்பதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும் என்று அவர் அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாக இருந்தேன்.

"நின்னா எடுத்தான்? பஞ்சாரத்து மேல மல்லாக்க உளுந்தானுங்க!" என்று கதவோரத்திலிருந்து வந்தது.

எரு ஆபீசர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். ஓய்ந்த பிறகு, இந்தப் படத்தால் தனக்கு உபயோகம் இல்லை என்றும், பந்தலில் அப்பியிருக்கிற அந்த உருண்டைப் பூச்சியைக் கால் தெரியப் படம் பிடித்துக் கொடுத்தால் தானே கோயமுத்தூருக்குச் சிபாரிசு எழுதுவதாகவும் சொன்னார். பொங்கலுக்கு முன்னால் மறுபடி வருவாராம். பொங்கல்! நூல் கடையோ தீபாவளிக்கு.

 அப்பா எரு ஆபீசரிடம் அவர் கண்ணாடியைக் கொஞ்சம் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, பாம்புப் படத்தை எடுத்து வெகு நேரம் பார்த்தார். அந்தப் படத்தின்மேல் இருந்த இரண்டு வட்டத்தையும் விரலால் தடவினார்.

"என்ற கண்ணாடி எங்க போச்சுன்னு இப்பத் தெரியுது" என்றார்.

இரண்டு கூடு

அடுத்த வாரம் அப்பா அம்மாபேட்டைக்குப் போனார். எதற்கென்று சொல்லவில்லை. நான் அன்று முழுவதும் பொடக்காளியில் உட்கார்ந்து, அந்த உருண்டைப் பூச்சிகள் அவரைத் தண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்தேன். அவற்றுக்குக் கணக்கு எழுதும் வேலை இல்லை.

பொழுது சாய அப்பா வந்தார். கால் கழுவினார். மடியிலிருந்து இரண்டு கண்ணாடிக் கூடுகளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். ஒன்றைத் திறந்து மாட்டிக்கொண்டு பத்திரிகையை எடுத்தார். மற்றதை என் பக்கம் தள்ளினார்.

"இது உன்ற பொட்டிக்கு" என்றார். "மாமங்கிட்டத் தை மாசம் பாக்கலாம்னு சொல்லிப்போட்டேன். பத்திரிகைய மட்டும் சுட்டுப்போடாத."

மறுநாள் புதுச் சுருள் போட்டேன். என் கையாலேயே முழம் அளந்து, அத்தை கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவைத்தேன். இனி வெயில் ஏறும் முன்பே, பூச்சிகள் பனியில் விறைத்து நகராமல் இருக்கிற நேரத்தில் எடுப்பது என்று முடிவு. அப்பா தூங்கக் காத்திருக்க வேண்டியதில்லையே. அத்தையிடமும் ஒப்பந்தம் திருத்தப்பட்டது: கால் இருந்தால் மட்டும் பூச்சி. இல்லாவிட்டால் என்னைக் கூப்பிட வேண்டாம், அப்பாவைக் கூப்பிடலாம்.

விடிந்தும் விடியாத நேரம். பந்தல் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது. ரகசியம் பேசுகிற மாதிரி, ஆனால் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும்படி.

"சாமி, வெரசா வா. கொத்தா உக்காந்திருக்குது. ஒண்ணுக்கு ஆறு காலு. எண்ணிப்போட்டேன்."

காமிராவை எடுத்தேன். போகிற போக்கில் அப்பாவின் கட்டிலைப் பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது. அவர் எனக்கு முன்னால் புதுக் கண்ணாடியோடு பந்தலடியில் குனிந்து, அத்தை கணக்கு சரிதானா என்று தாமும் எண்ணிக்கொண்டிருந்தார்.